ஓரம் வராத பெட்டி

பிள்ளைகளா, கிட்டாருக்கு எந்த ஆம்ப்ளிபயர், எந்த ஸ்பீக்கர் பெட்டி வாங்குவது என்று நீங்கள் இரண்டு பேரும் தீபாவளியிலிருந்து சண்டை போடுகிறீர்கள். பெரியவனுக்குச் சத்தம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சின்னவளுக்குக் கனமாக இருக்க வேண்டுமாம். நடுவில் நான் வாயைத் திறந்ததற்கு, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று ஒரு பதில் வந்தது. சரிதான். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தாராவிக்கு வந்து மரவேலை பிடித்தவன் நான். ஆனால் உங்களைப் போலவே ஒரு சத்தத்தைத் தேடிய ஒருவருக்கு நான்தான் பெட்டி செய்து கொடுத்தேன். ஒன்றிரண்டு இல்லை, எத்தனையோ பெட்டி. பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன். சின்னவளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், அண்ணன் வாசித்துச் சொல்லட்டும்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, அறுபதுகளின் நடுவில், தாராவியில் நான் ரேடியோப் பெட்டியும், மைக் செட்டுக்காரர்களுக்கு ஸ்பீக்கர் பெட்டியும் செய்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் அவர் சாக்குப் பையோடு வந்தார். மீன் வாங்கி வந்தவர் மாதிரி என் பலகைமேல் சாக்கை விரித்தார். உள்ளே காகிதம் மஞ்சள் பூத்த ஒரு ஸ்பீக்கர் இருந்தது.

"இதுக்கு ஒரு வீடு கட்டணும் வே," என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். முழங்கை வரைக்கும் எண்ணெய்க் கறுப்பு ஏறிய கை. அதே கையின் விரல் நுனிகளில் கம்பி அழுத்திய தழும்பு. இரண்டு தொழில் அவருக்கு. பகலில் டிரம் யார்டில் வேலை. டிராம்பேப் பக்கத்து எண்ணெய்க் கம்பெனிகளிலிருந்து நசுங்கின காலி டிரம்கள் லாரியில் வரும். அவற்றைச் சுத்தியலால் அடித்து, நெளிவெடுத்து, புது டிரம் மாதிரி ஆக்க வேண்டும். அந்தச் சந்தில் யாரும் வாயால் பேசிக்கொள்ள மாட்டார்கள், கையால்தான் பேசுவார்கள். மீசை முளைப்பதற்கு முன்பே அவர் அங்கே சுத்தியல் பிடித்தவர். சாயங்காலமானால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மாட்டுங்காவில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கப் போவார். கோவாக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கிட்டார். கம்பிகளுக்கு அடியில் காந்தச்சுருள் வைத்து, அதிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்.

"அந்தச் சட்டையப் போடுததுக்குத்தான் வே நான் பகல் பூரா டிரம் அடிக்கேன்," என்று ஒருமுறை சொன்னார்.

எப்படிப்பட்ட சத்தம் வேண்டும் என்று முதல் நாளே கேட்டேன்.

"கேளும். வேட்டிக்குக் கரை இருக்குல்லா? கரை இல்லன்னா அது வெறும் துணி. சத்தத்துக்கும் அப்படி ஒரு ஓரம் உண்டு. கம்பியில வெரல் பட்ட ஒடன மொதல்ல அந்த ஓரம் வரணும். பொறவுதான் சத்தம் வரணும். எனக்கு அந்த ஓரம் வேணும்."

எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுவரை என்னிடம் வந்தவர்கள் எல்லாம் நீளம், அகலம், பாலிஷ் பற்றித்தான் பேசினார்கள்.

தடித்த மாம்பலகையில், முதுகை மூடி, முதல் பெட்டியைச் செய்தேன். மைக் செட்டுக்காரரின் ஆம்ப்ளிபயரை வாங்கி வந்து மாட்டி, ஒரு கம்பியைத் தட்டினார். தலையை இடது பக்கம் சாய்த்து, கண்ணை மூடி நின்றார்.

"தொட்டிக்குள்ள விழுந்தவன் கூப்பிடுத மாதிரி இருக்கு. ஓரம் வரல வே."

அவரிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன், உங்களுக்கும் பயன்படும். ஆம்ப்ளிபயர் சத்தத்தைப் பெரிதாக்கும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு முகம் கொடுப்பது ஸ்பீக்கரும் பெட்டியும். முதுகை மூடினால் சத்தம் கனத்து முன்னால் வரும். முதுகைத் திறந்துவிட்டால் காற்றோட்டமாக அறை முழுக்கப் பரவும். மைக் செட்டு ஆம்ப்ளிபயர் பேச்சுக்குச் சரி, கிட்டாருக்குச் சில்லென்று இருக்கும். பழைய ரேடியோகிராமின் சின்ன ஆம்ப்ளிபயரைக் கொஞ்சம் அதட்டினால் இனிப்பாகக் கரகரக்கும், ஆனால் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு எட்டாது. இப்படி ஒவ்வொன்றாக மாற்றினோம். தேக்குப் பலகை, தேயிலைப் பெட்டிப் பிளைவுட். முதுகு மூடினது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. அவர் பழைய சாமான் விற்கிற சோர் பஜாரில் அலைந்து, ஏதோ சினிமா தியேட்டர் கழித்துப்போட்ட ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார். அதன் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவு இருக்கும்.

எதைக் கொடுத்தாலும் அதே சொல்தான். ஓரம் வரல வே.

புதிதாக வாங்கின ஒரு ஸ்பீக்கரின் காகிதத்தைச் சவர பிளேடால் மெல்லக் கீறினார். நான் பதறிக் கையைப் பிடித்தேன். "தோலு தடிச்சிருக்கு, அதான் ஓரம் உள்ளேயே நிக்கி," என்றார். கீறினபிறகு அது ஈரச் சுள்ளி எரிகிற மாதிரிச் சடசடத்தது. அவர் முகத்தில் அரை நிமிஷம் வெளிச்சம் வந்தது, போயிற்று.

இன்னொரு பழக்கம். வாசிக்கும்போது குனிந்து கிட்டாரின் உடம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார். கவ்வியபடியே கம்பியைத் தட்டுவார். என் பட்டறையில் வேலை செய்தவர்கள் அதைப் பார்த்து, "பெரிய வித்வான்லா, பல்லாலயே கேக்காரு" என்று வாயைப் பிளந்தார்கள். நானும்தான். எங்கள் சந்துகளில் அவர் காதுக்கு அவ்வளவு மரியாதை. சத்தம் சம்பந்தமாக எது வாங்குவதென்றாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள்.

என் கோலிக்கு, அந்த ஒற்றை அறை வீட்டுக்கு, அடுத்த கோலித் தையல்காரர் ரேடியோ வாங்கினபோது நானும் கூடப் போனேன். மாட்டுங்காவில் கடை. கடைக்காரர் ஒவ்வொரு ரேடியோவாகப் போட்டுக் காட்ட, அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டு, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினார். கடைசியில் ஒன்றைக் காட்டி, "இதுல கொஞ்சம் ஓரம் இருக்கு" என்றார். கடைக்காரர் அதை விலை குறைத்தே கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டால், செய்தி வாசிக்கிறவர் ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணெயில் தாளிக்கிற மாதிரி இருந்தது. தையல்காரர் மனைவி ஒரு சேலையை நாலாக மடித்து ரேடியோவின் முகத்தில் போட்டாள்.

"என்னட்டி, அதப் போயி மூடுத?" என்றார் தையல்காரர்.

"காதுல ஊசி ஏத்துதே, ஒங்களுக்கு ஏத்தலியா?"

"ஏத்துது. ஆனா அண்ணாச்சில்லா எடுத்துக் குடுத்தாரு. நமக்குக் கேக்கத் தெரியலட்டி. போகப்போகப் பழகிரும்."

அந்தச் சேலை அந்த ரேடியோமேல் கடைசிவரை கிடந்தது. கழுவி மறுபடி போடுவார்கள். ஒருவருக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

செம்பூரில் ஒரு கல்யாணத்துக்குக் குழு வாசிக்கப் போனது. தியேட்டர் ஆம்ப்ளிபயரும், நான் செய்த முதுகு திறந்த தேக்குப் பெட்டியும் கனம் என்பதால் தூக்க நானும் போனேன். அவர் சத்தத்தைக் கூர்மையாக்குகிற உயர்சுரக் குமிழை முழுக்கத் திருகிவிட்டு, முதல் பாட்டின் முதல் வரியை வாசித்தார். முன்வரிசைப் பெண்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். தூங்கின குழந்தை வீரிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு அருகே வந்து கையைக் கூப்பி, கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அண்ணாச்சி அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டார்.

குழுத் தலைவர் மாட்டுங்காக்காரர். பகலில் ஆபீஸ் உத்தியோகம், சாயங்காலம் அக்கார்டியன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்:

"என்ன ஓய் அது, பல்லு கூசறது. விரல் மட்டும் தேன் மாதிரிப் போறது, வாய்ல வெக்க முடியலயே. நான் சொன்னா சிரிச்சிண்டே நிக்கறார். நீர் சொல்லும். பொங்கலுக்கு மாட்டுங்கால பெரிய ஹால்ல புரோகிராம். அதுக்குள்ள சத்தத்தைச் சரி பண்ணணும். இல்லேன்னா பாந்த்ராலேர்ந்து வேற ஆளைப் போட்டுண்டுடுவேன். எனக்கும் வேற வழி இல்லை."

பஸ்ஸில் வரும்போது அண்ணாச்சியின் காதருகே வாயை வைத்து அதைச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாம் முறையும் சொன்னேன். அவர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

"பெட்டிதான் வே," என்றார். "பெட்டி ஒழுங்கா இருந்தா அவரு ஏன் சொல்லப்போறாரு. பொங்கலுக்கு முன்ன ஒன்னு செஞ்சிருவோம். இந்தக் குழு போச்சுன்னா பொறவு எனக்கு அந்த டிரம் மட்டுந்தான்."

அடுத்த பெட்டியை மாட்டிப் பார்த்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. கிட்டாரைப் பெட்டிக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு, ஆம்ப்ளிபயரை ஏற்றினார். கிட்டார் ஸ்பீக்கருக்கு நேரே இருந்தால் ஊளையிடும், உங்களுக்குத் தெரியும். அன்று இட்டது சாதாரண ஊளை இல்லை. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி எழும்பி, நின்று, போகமாட்டேன் என்றது. என் வேலையாட்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். எதிர்க்கடைத் தோல்காரர் ஹிந்தியில் கெட்ட வார்த்தை சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணாச்சி பெட்டிக்கு முன்னால் குனிந்து, பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒன்னும் வரல வே," என்றார். "ஒயரு விட்டுருச்சா பாரும்."

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இவனுவோ ஏன் வெளிய ஓடுதானுவோ?" என்று கேட்டார்.

கிட்டாரை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடி வாசிக்கும்போது, உயர்சுரக் குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருகினேன். கிட்டார் ஊசியாகி, மறுபடி பஞ்சாயிற்று. அவர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. மறுபடி திருகினேன். இல்லை. அடிச்சுரக் குமிழை மட்டும் லேசாகத் தொட்டேன். உடனே, "ஆங், அதத் தொடாதேயும்," என்றார்.

காது இருந்தது. சத்தத்தின் கீழ்ப்பாதிக்கு மட்டும் இருந்தது. மேல்பாதியை டிரம் தின்றுவிட்டிருந்தது. கிட்டாரைப் பல்லால் கவ்வியதும் அதிர்வாவது எட்டட்டும் என்றுதான்.

அவர் வேலையில் இருந்த நேரம் பார்த்து அவர் கோலிக்குப் போனேன். அவர் மனைவி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள்.

"மைனி, அண்ணாச்சி காது…" என்று இழுத்தேன்.

"ஒங்களுக்கு இப்பத்தான் தெரியுதா தம்பி?" குடத்தை இறக்கி வைத்தாள். "புள்ள கத்துனாலும் திரும்ப மாட்டாக. நான் போயித் தோளத் தொடணும். வாயப் பாத்து வெளங்கிக்கிடுவாக. இருட்டுல அதுவும் இல்ல. வெளக்க அணைச்சா பேச்சு முடிஞ்சுது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். பெட்டி வரட்டும், பெட்டி வந்தா சரியாயிரும்ங்காக. நீங்களும் ஒவ்வொன்னாச் செஞ்சு குடுக்கீக. நானும் ஒவ்வொரு தடவையும், ஒருவேளை நெசமாவே சரியாயிருமோன்னு வாசலப் பாத்துக்கிட்டு நிக்கேன்."

அவள் சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே அவர் பட்டறைக்கு வந்துவிட்டார். குளிக்காமல், எண்ணெய்க் கையோடு. மரத்தூள்மேல் உட்கார்ந்தார். என் உதட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார், பதில் வேண்டாம் என்கிற மாதிரி.

"பெட்டியில கொறைன்னு நாம சொல்லிக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு கொறையும் இல்ல வே. யார்டுல எல்லாவனுக்கும் இப்படித்தான். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். சேட்டுக்குத் தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிருவாருன்னு பயம். எனக்கு அந்தப் பயம் இல்ல. எனக்கு மாட்டுங்காதான் பயம்." பிறகு நிமிர்ந்தார். "ஒம்ம காதுக்கு எது நல்லாருக்கோ அத வையும். நான் அதோட போறேன்."

இரண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சண்டை போடுகிறீர்களே, நாங்கள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறேன். தியேட்டர் ஆம்ப்ளிபயர், பாதிக்கு மேல் ஏற்றாமல். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், தடித்த காகிதம், கீறாதது. பிளைவுட் பெட்டி, முதுகு பாதி மூடி, பாதி திறந்து. உள்சுவரில் எதிர்க்கடைத் தோல்காரரிடம் வாங்கிய துண்டுத் தோலை ஒட்டினேன், எதிரொலி குறைவதற்கு. நான் பட்டறையின் மறு கோடியில் நின்றேன். கையை உயர்த்தினால் கூட்ட வேண்டும், தாழ்த்தினால் குறைக்க வேண்டும். அவர் ஒரு கையால் கம்பியைத் தட்டி, மறு கையால் குமிழைப் பிடித்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு இடத்தில் வந்துவிட்டது. விரல் பட்டவுடன் மெல்லிசாக ஒரு விளிம்பு, அதன் பின்னால் வட்டமாகச் சத்தம். குத்தவில்லை, மங்கவும் இல்லை. முதல் நாள் அவர் சொன்ன அதே ஓரம். நான் கையை அப்படியே நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஓரம் வந்துட்டு," என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மறுபடி அதே கம்பியைத் தட்டினார். தலையைச் சாய்த்தார். பல்லால் கவ்விப் பார்த்தார்.

"எப்படி இருக்கு வே? சொல்லும்."

"நீங்க சொன்னீகளே, வேட்டிக்கரை. அப்படியே இருக்கு," என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். யாரோ ஊரிலிருந்து வந்தவர், வீட்டில் எல்லோரும் சுகம் என்று சொன்னால் தலையாட்டுவோமே, அந்த மாதிரி.

மாட்டுங்கா ஹாலில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் அவர் மேடையின் ஓரத்தில். பாட்டு முழுக்க அக்கார்டியன்காரரின் விரலையும், டிரம்ஸ் வாசிப்பவரின் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. தனியாக அவர் வாசிக்கிற பகுதி வந்தபோது ஹாலில் பேச்சு நின்றது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள், "யாரு இது, என்னமா வாசிக்கறார்," என்று பக்கத்தில் கேட்டாள். முடிந்ததும் கைத்தட்டல் நிற்கச் சற்று நேரமாயிற்று. குழுத் தலைவர் இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தச் சத்தத்தைத்தான் ஓய் நான் இத்தனை நாளாக் கேட்டுண்டிருந்தேன். இனிமே நீர்தான், பாந்த்ராவும் வேண்டாம் கீந்த்ராவும் வேண்டாம்."

அண்ணாச்சி சிரித்தார். கும்பிட்டார்.

தாராவிக்கு நடந்தே வந்தோம். விளக்குக் கம்பம் ஒன்றின் கீழ் நின்றார், நான் பேசுவது தெரிவதற்காக.

"அக்கார்டியன்காரர்ட்ட நீரே சொல்லிரும். நான் இனி வரல."

"ஏன் அண்ணாச்சி? நல்லாத்தான இருந்துது. ஊரே சொல்லுதே."

"ஊரு சொல்லுது. நீரு சொல்லுதீரு. அந்த ஹால்ல இருந்தவ்வோ எல்லாரும் கேட்டாவ, நான் வாசிச்சத நான் ஒருத்தன்தான் கேக்கல. அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துல எலயில பரிமாறுன மாதிரி இருந்துது வே. எலயப் பாத்தேன், ஆளப் பாத்தேன், வெளிய வந்துட்டேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்திலிருந்து நகர்ந்து நடக்கத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவரைச் சேர்ந்திருக்காது.

ஆம்ப்ளிபயரையும் பெட்டியையும் பாந்த்ராவிலிருந்து வந்த ஆள் எடுத்துப்போனார். கிட்டார் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, மைனியும் சொல்லவில்லை. அண்ணாச்சி மறுநாளே யார்டுக்குப் போய்விட்டார். அங்கே காது வேண்டியதில்லை. அந்தப் பக்கம் போகும்போது என்னைப் பார்த்தால் சுத்தியலை உயர்த்திக் காட்டுவார். பிறகு திரும்பி அடிக்கத் தொடங்குவார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் இளம் ஆட்கள் வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருப்பார்கள்.

புரோகிராமுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை யார்டு லீவு. நான் மருந்துக்கடைக்குப் போய் ஒரு கட்டுப் பஞ்சு வாங்கினேன். யார்டுக்குக் கதவு கிடையாது, ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நகர்த்திவிட்டு உள்ளே போனேன். ஒருவரும் இல்லை. கவிழ்த்த டிரம்களின் மேல் அவரவர் சுத்தியல் கிடந்தது. பஞ்சைப் பிய்த்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டி, ஒவ்வொரு சுத்தியலுக்குப் பக்கத்திலும் இரண்டிரண்டாக வைத்துக்கொண்டே போனேன். கடற்கரைப் பக்கக் காற்று அடித்தது. பறந்துவிடக் கூடாதென்று, சட்டைப் பையில் கிடந்த ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். பிறகு தகரத்தை இருந்தபடியே சாய்த்துவிட்டு வந்தேன்.